உச்சியில் நின்று விடைபெற்றவர்

ஏறும் வழியைக் கற்பிக்க ஆசான்கள் பலர் உண்டு. இறங்க வேண்டிய வேளையைக் கற்பிப்பவர் மிகச் சிலரே. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். புகழும் ஒருவகை விருந்துதான். அதன் பந்தியிலிருந்து தாமாகவே எழுந்து கை கழுவச் செல்வோர் சிலர். இலையை எடுத்த பின்னரும் அமர்ந்திருப்போர் பலர். கால்பந்தாட்ட உலகில், இலையில் இன்னும் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்ட ஒருவரைப் பற்றி அன்பார்ந்த வாசகர்களோடு சிறிது சிந்திக்க விரும்புகிறோம். அவர் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த டோனி குரோஸ்.

விளையாட்டில் நாட்டமுள்ள இளைஞர் வாழும் இல்லங்களில் இப்பெயர் புதிதன்று. அறியாத பெற்றோருக்காக அவருடைய வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம்.

பந்தை இழக்காத கால்கள்

1990ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், பால்டிக் கடலை அடுத்த கிரைஃப்ஸ்வால்ட் என்னும் நகரில் குரோஸ் பிறந்தார். அந்நகர் அன்று கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் இரு ஜெர்மனிகளும் ஒரே நாடாயின. தந்தையே கால்பந்துப் பயிற்சியாளர். ரோஸ்டாக் நகரின் ஹன்சா கழகத்தில் பயின்ற சிறுவர், 16ஆம் வயதில் மியூனிக் நகரின் பயர்ன் கழகத்தை அடைந்தார். 2014ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற ஜெர்மனி அணியில், பழைய கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர் அவர் ஒருவரே. அரையிறுதியில் பிரேசிலை அதன் சொந்த மண்ணிலேயே 7-1 என்று வீழ்த்திய ஆட்டத்தில், 24ஆம் நிமிடத்திலும் 26ஆம் நிமிடத்திலும் அவர் கோல் அடித்தார். அக்கோடையிலேயே ஸ்பெயின் தலைநகரின் ரியல் மாட்ரிட் கழகம் அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது.

எனினும் கோல் அடிப்பது அவருடைய தொழில் அன்று. அவர் நடுக்கள வீரர். பந்தை ஒருவரிடமிருந்து பெற்று, சரியான இடத்தில் நிற்கும் மற்றொருவரிடம், சரியான நொடியில் ஒப்படைப்பதே அவருடைய கலை. முழக்கமிடும் கூட்டம் கோல் அடித்தவரையே நினைவில் கொள்ளும். அந்தப் பந்து எங்கிருந்து புறப்பட்டது என்பதை ஆட்டம் அறிந்தவரே காண்பர். மாட்ரிட்டில் பத்து ஆண்டுகள், 465 ஆட்டங்களில் அவர் இப்பணியைச் செய்தார்.

முடிவு தெரியுமுன் எடுத்த முடிவு

2024ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், அவ்வாண்டின் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி முடிந்ததும் ஆட்டக்களத்தை விட்டு விலகப்போவதாகக் குரோஸ் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 34. ரியல் மாட்ரிட் அந்த ஆண்டின் ஸ்பெயின் லீக் பட்டத்தை ஏற்கெனவே வென்றிருந்தது. ஐரோப்பியக் கழகங்களுக்கிடையே நடைபெறும் சாம்பியன்ஸ் லீக் போட்டியின் இறுதியாட்டம் பதினொரு நாள் தொலைவில் இருந்தது.

இந்தப் பதினொரு நாளை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். வென்ற பின், மாலை கழுத்தில் விழுந்த பின், விடைபெறுகிறேன் என்பது எளிது. குரோஸ் அவ்வாறு செய்யவில்லை. வெற்றியா தோல்வியா என்று அறியாத நிலையிலேயே தம் முடிவை அறிவித்தார். தம் ஆற்றல் உச்சத்தில் இருக்கும்போதே ஆட்டத்தை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதே தமது நெடுநாளைய விருப்பம் என்றும் அப்போது கூறினார். பிறர் அளிக்கும் கோப்பையை அன்று, தம் கால்களின் ஆற்றலையே அவர் அளவுகோலாகக் கொண்டார்.

மே 25ஆம் நாள் மாட்ரிட் மைதானத்தில் ரியல் பெட்டிஸ் அணியோடு ஆடிய ஆட்டம் கோல் இன்றி முடிந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் அவர் களத்தை விட்டு வெளியே வந்தார். கோட்டருகே அவருடைய பிள்ளைகள் காத்து நின்றார்கள். எத்தனையோ இறுதியாட்டங்களில் முகம் மாறாத அம்மனிதர், பிள்ளைகளின் அழுகையைக் கண்டு தாமும் கண்ணீர் விட்டார்.

ஜூன் 1ஆம் நாள் லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணியோடு இறுதியாட்டம். 74ஆம் நிமிடத்தில் குரோஸ் மூலையிலிருந்து உதைத்த பந்தைக் கார்வஹால் தலையால் முட்டிக் கோலாக்கினார். மாட்ரிட் 2-0 என்று வென்றது. குரோஸுக்கு அது ஆறாவது ஐரோப்பியப் பட்டம். 2013இல் பயர்ன் அணியோடு ஒன்று, மாட்ரிட்டோடு ஐந்து. முதற் பட்டத்தின் இறுதியாட்டத்தில் காயத்தின் காரணமாக அவர் ஆடவில்லை. இறுதிப் பட்டத்தின் முதற் கோலோ அவர் உதைத்த பந்திலிருந்தே பிறந்தது.

மீண்டும் ஓர் அழைப்பு

இவ்விடத்தில் நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஜெர்மனியின் தேசிய அணியிலிருந்து குரோஸ் 2021இலேயே விலகியிருந்தார். அவ்வணியோ தளர்ந்துகொண்டிருந்தது. 2018இலும் 2022இலும் உலகக் கோப்பையின் முதற் சுற்றோடு வெளியேறியது. 2023 நவம்பரில் துருக்கியிடமும் ஆஸ்திரியாவிடமும் அடுத்தடுத்துத் தோற்றது. 2024ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கோப்பையோ ஜெர்மனியிலேயே நடைபெற இருந்தது. புதிய பயிற்சியாளர் நாகெல்ஸ்மன் அழைத்தார், குரோஸ் இணங்கினார். மார்ச் 23ஆம் நாள் பிரான்சு நாட்டின் லியோன் நகரில், ஆட்டம் தொடங்கிய சில நொடிகளுக்குள் அவர் அனுப்பிய பந்தை விர்ட்ஸ் கோலாக்கினார். ஜெர்மனி 2-0 என்று வென்றது.

ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், ஜூன் 14ஆம் நாள், ஸ்காட்லாந்தை ஜெர்மனி 5-1 என்று வென்றது. அன்று குரோஸ் 102 முறை பந்தைப் பிறருக்கு அனுப்பினார். 101 முறை அது சேர வேண்டியவரைச் சேர்ந்தது. ஓய்வு பெறப்போகும் ஒருவருடைய கால்கள் தளர்ந்துவிட்டன என்று யார் கூற முடியும்?

ஆயினும் கதை இங்கே முடியவில்லை. ஜூலை 5ஆம் நாள் ஸ்டுட்கார்ட் நகரில் காலிறுதி ஆட்டம், எதிரணி ஸ்பெயின். ஆட்டம் தொடங்கியதுமே குரோஸ் மோதியதில் ஸ்பெயினின் இளம் வீரர் பெட்ரிக்கு முழங்காலில் அடிபட்டது. எட்டாம் நிமிடத்திலேயே அவர் வெளியேற நேர்ந்தது. கூடுதல் நேரத்தின் 119ஆம் நிமிடத்தில் மெரினோ கோல் அடிக்க, ஸ்பெயின் 2-1 என்று வென்றது. குரோஸின் ஆட்ட வாழ்வு அந்நொடியோடு முடிந்தது. நாட்டுக்காக அவர் ஆடிய 114ஆவது ஆட்டம் அது.

மறுநாள் அவர் பெட்ரியிடம் பலரறிய மன்னிப்புக் கேட்டார். பெட்ரியும் அதனைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். கோப்பையோடு விடைபெற வேண்டியவர், தோல்வியோடும் ஒரு மன்னிப்போடும் விடைபெற்றார்.

நம் கையில் இருப்பதும் இல்லாததும்

நாம் காணும் உண்மை இதுவே: விலகும் வேளையை மனிதன் தேர்ந்துகொள்ளலாம், விலகும் விதம் முழுவதும் அவன் கையில் இல்லை. வெம்பிளியோடு நின்றிருந்தால் அவருடைய கதை மாசற்ற கதையாக இருந்திருக்கும். நாட்டின் அழைப்பை ஏற்றதால் அந்த அழகு குறைந்தது. அதனால் அவருடைய மதிப்புக் குறைந்ததா? இல்லை என்றே எண்ணுகிறோம். தம் புகழைக் காத்துக்கொள்வதற்காக மட்டும் ஒருவர் விலகுவாராயின், அதுவும் புகழுக்கு அடிமைப்பட்டதே ஆகும். குரோஸ் தம் பெயரைப் பணயம் வைத்து ஆடிவிட்டு, சொன்ன நாளில் சொன்னபடியே விலகினார். தோல்விக்குப் பின், இன்னும் ஓராண்டு ஆடி இக்கறையைத் துடைப்பேன் என்று அவர் கூறவில்லை. நம்மிற் பலர் வீழ்வது அந்த இடத்திலேதான்.

மற்றொரு கேள்வியும் எழுகிறது. இன்னும் கொடுக்க ஆற்றல் உள்ளவர் விலகுவது தன்னலம் ஆகாதா? இது எளிதில் தள்ளத்தக்க கேள்வி அன்று. அவர் சென்ற பின் வந்த 2024-25ஆம் பருவத்தில் ரியல் மாட்ரிட் ஸ்பெயின் லீக் பட்டத்தைப் பார்சலோனாவிடம் இழந்தது. சாம்பியன்ஸ் லீகிலும் காலிறுதியோடு வெளியேறியது. பந்தை ஒழுங்காக ஒப்படைக்கும் கால்கள் இல்லாமற் போன குறையைப் பலரும் எடுத்துரைத்தனர்.

வெம்பிளியில் 85ஆம் நிமிடத்தில் குரோஸுக்குப் பதிலாகக் களம் புகுந்தவர் மோட்ரிச். அவர் இளைஞர் அல்லர். குரோஸைவிட நான்கு வயது மூத்தவர். அவர் 2025 வரை மாட்ரிட்டில் ஆடி, பின்னர் இத்தாலியின் மிலான் கழகத்திற்குச் சென்றார். பெரும்பாலும் மாற்று வீரராக இறங்கும் சிறிய இடத்தையும் அவர் மனமுவந்து ஏற்றார். ஆகவே முன்னரே எழுவதுதான் ஒரே நல்வழி என்று நாம் சட்டம் வகுக்கவில்லை. சிறிய இடத்தில் மகிழ்ச்சியோடு இருக்க வல்லவர் இருக்கட்டும். அவ்வாறு இருக்க இயலாது என்று தம்மை அறிந்தவர் எழட்டும். இரண்டிற்கும் வேண்டியது தன்னைத் தான் அறிதலே.

பணம் என்னும் கயிறும் உண்டு. ஐரோப்பாவில் முதுமை எய்தும் ஆட்டக்காரர் பலரைச் சவூதி அரேபியக் கழகங்கள் பெரும் ஊதியம் தந்து அழைத்துக்கொள்ளும் காலம் இது. பணத்துக்காக இளம் வீரர் அங்குச் செல்வதை 2023இல் குரோஸ் வெளிப்படையாகக் கடிந்துரைத்தார். 2024 ஜனவரியில் ரியாத் நகரில் அவர் ஆடியபோது, பார்வையாளர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். பேச்சு ஒன்றும் செயல் ஒன்றுமாக இராமல், ஆட்டம் முடிந்ததும் அவர் காலணிகளைக் கழற்றி வைத்தார்.

ஓய்வு என்பது வெறுமை அன்று. கடுநோயால் வாடும் குழந்தைகளுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உதவ 2015இல் அவர் தொடங்கிய அறநிறுவனம் உண்டு. மாட்ரிட்டில் சிறுவர்க்குக் கால்பந்து கற்பிக்கும் பயிற்சிக்கூடமும் உண்டு. மாட்ரிட் அணியில் அவர் அணிந்த 8ஆம் எண் சட்டை, அவர் விலகிய பின் வால்வெர்தே என்னும் இளைய வீரரைச் சேர்ந்தது. வாழ்நாள் முழுவதும் பந்தை ஒப்படைத்தவர், இறுதியில் தம் இடத்தையும் ஒப்படைத்தார்.

மைதானங்களும் கோப்பைகளும் நம் இல்லங்களுக்குத் தொலைவானவை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவிக்கொத்து உண்டு. அதனை இடுப்பிலிருந்து எடுக்க மனமில்லாத ஒருவரும் உண்டு. மகனுக்கோ மருமகளுக்கோ அது சேர வேண்டிய நாள் ஒன்று வரும். பிறர் கேட்குமுன், நம் கை இன்னும் உறுதியாய் இருக்கும்போதே, நாமே எடுத்து நீட்டுவோமாயின், பெறுபவர் அதனை அன்போடு பெறுவர். நாமும் அருகில் அமர்ந்து அவர்களுடைய ஆட்டத்தை மன நிறைவோடு கண்டு களிக்கலாம்.