ஓரத்தைப் பார், உரிமையாளர் தெரிவார்

செஸ்டர்ஷியஸ் என்றொரு ரோமானியக் காசு உண்டு. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அகலம், ஏறத்தாழ 25 கிராம் எடை. நம் பழைய கனத்த ஐந்து ரூபாய் நாணயமே 9 கிராம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பேரரசரின் தலை, மறுபக்கம் ஏதாவது ஒரு காட்சி. நீரோ வெளியிட்ட ஒரு காசில் ஓஸ்டியா துறைமுகமே இருக்கிறது. வளைந்த கரை, நடுவில் கப்பல்கள், கீழே சுக்கானைப் பிடித்தபடி சாய்ந்திருக்கும் நீர்த்தெய்வம்! சேகரிப்பாளர்கள் இதை வெண்கலக் காசு என்பார்கள். உண்மையில் இது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. புதிதாக வந்தபோது தங்கம்போல மின்னியிருக்கும்.

இப்படி ஒரு காசு இன்று ஏலத்துக்கு வந்தால், விவரம் தெரிந்தவர்கள் விலைக்கு முன்னால் வேறொன்றைக் கேட்பார்கள்: "இது இதற்கு முன் யாரிடம் இருந்தது?" காரணம் இருக்கிறது. மண்ணைத் திருட்டுத்தனமாகத் தோண்டிப் பழம்பொருள்களை விற்பதைத் தடுக்க 1970-ல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதற்கு முன்பே ஒருவரிடம் இருந்த காசு என்று காட்ட முடிந்தால் வாங்குபவருக்கு நிம்மதி. ஆனால் காசில் யார் பெயரும் எழுதியிருக்காதே! கூடவே இருந்த காகிதச் சீட்டும் தொலைந்துபோயிருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது?

காசு எப்படிப் பிறந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. கீழே ஓர் அச்சு. அதன்மேல் சூடான உலோக வில்லை. அதற்கு மேல் இன்னோர் அச்சு. ஓங்கி ஒரு சம்மட்டி அடி! நம் காலத்து இயந்திரத்தில் வில்லையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். உலோகம் அதைத் தாண்டிப் பிதுங்க முடியாது. அதனால்தான் நம் நாணயங்கள் எல்லாம் அச்சு அசலாக ஒரே வட்டம். ரோமானியரிடம் அந்த வளையம் இல்லை. அடித்தவுடன் உலோகம் இஷ்டப்படி பரவியது. ஒரே மாவு, ஒரே கல் என்றாலும் இரண்டு தோசைக்கு ஒரே ஓரம் அமைவதில்லை அல்லவா? அதே கதைதான்.

ஆகவே பழைய புத்தகத்திலோ ஏலப் பட்டியலிலோ உள்ள படத்தையும் கையிலுள்ள காசையும் ஒப்பிடும்போது பேரரசரின் முகத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரே அச்சில் அடித்த எல்லாக் காசுகளிலும் அதே மூக்கு, அதே தாடிதான் இருக்கும். பார்க்க வேண்டியது ஓரத்தை. விளிம்பில் எந்த இடத்தில் வெடிப்பு? சுற்றியுள்ள புள்ளி வரிசை எந்தப் பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது? எந்த எழுத்து பாதியோடு நிற்கிறது? இவை அத்தனையும் பொருந்தினால் அதே காசு. பச்சைக் களிம்பின் திட்டுகளும் உதவும். ஆனால் அவற்றை முழுக்க நம்பக் கூடாது, இடையில் யாராவது சுரண்டியிருக்கலாம்.

ஒப்பிடப் படம் வேண்டுமே! புகைப்படத்துக்கு முந்தைய புத்தகங்களில் ஓவியர்கள் காசுகளை அழகழகான வட்டங்களாக வரைந்துவிட்டார்கள். பார்க்க நன்றாக இருக்கும், துப்புத் துலக்கத்தான் உதவாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏலப் பட்டியல்களில் புகைப்படம் வந்தது. அதிலும் பல நேரம் காசை நேராகப் படமெடுக்கவில்லை. பாரிஸ் சாந்தில் அச்செடுத்து, அந்த வெள்ளை நகலைப் படமெடுத்தார்கள். உலோகம் பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கும், சாந்து அப்படிச் செய்யாது. நிறம் போய்விடும், ஓரம் அப்படியே இருக்கும். நமக்கு அதுதானே வேண்டும்?

ஒரு படம் பொருந்தினால் சில நேரம் அடுத்தடுத்து கதவுகள் திறக்கும். வெனிஸ் நகரத்து அப்போஸ்தலோ ஸேனோ இசை நாடகங்களுக்குப் பாடல் எழுதியவர், நாணயப் பைத்தியமும்கூட. முதுமையில், 1747-ல், தம் சேகரிப்பை ஆஸ்திரியாவிலுள்ள சாங்க்ட் ஃப்ளோரியான் மடாலயத்துக்கு விற்றார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1955 முதல் 1957 வரை, அது வியன்னாவில் ஏலம் போனது. அந்த ஏலப் பட்டியலில் உங்கள் காசின் படம் கிடைத்தால் மடாலயமும் ஸேனோவும் சேர்ந்தே கிடைத்துவிடுவார்கள்.

ஒரு குடும்பமோ இந்தச் சிரமத்தையே வைக்கவில்லை. இத்தாலியின் மோடெனாவை ஆண்ட எஸ்தே குடும்பத்தார் தம் காசுகள் சிலவற்றில் சின்னஞ்சிறு வெள்ளிக் கழுகைப் பதித்துவிட்டார்கள்! இன்று யாராவது அப்படிச் செய்தால் அருங்காட்சியகத்தாருக்கு மயக்கமே வந்துவிடும். அந்தக் கழுகிலும் ஒரு வேடிக்கை. அது மாந்துவா நகரை ஆண்ட கொன்ஸாகா குடும்பத்தின் முத்திரை என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்.

இப்போது ஒரு புதிர். ஒரே வெடிப்பு, ஒரே ஓரம், ஒரே கீறல். ஆனால் காசுகள் இரண்டு! எப்படி? குறைந்தது ஒன்றாவது போலி. அசல் காசை வைத்து வார்ப்பச்சு எடுத்து உலோகத்தை ஊற்றினால் வெடிப்பும் சேர்ந்தே நகலாகிவிடும். போலிக்காரர் செய்த நேர்த்தியே அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரைப் பக்கத்திலும் இலங்கையிலும்கூட ரோமானியரின் சிறு செப்புக்காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. பழைய காசு எதுவும் உங்கள் கண்ணில் பட்டால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புளியின் அமிலம் களிம்போடு எழுத்தையும் கொண்டுபோய்விடும். கிடைத்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு பெரியவர்களிடம் சொல்லுங்கள். இந்தியாவில் மண்ணுக்குள் கிடைக்கும் புதையலைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.