கூட்டக் குறிப்பில் இல்லாத பெயர்

கூட்டக் குறிப்பு எழுதுவது எப்படி என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். வருகை, சென்ற கூட்டக் குறிப்பை ஏற்றல், தீர்மானம், நன்றியுரை என்று மாணவர்களும் வடிவத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். "இதையெல்லாம் பின்னால யாரு டீச்சர் படிக்கப் போறாங்க?" என்று ஒருவர் கேட்டால், காட்டுவதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ கலைப்பள்ளி 1845இல் தொடங்கியது. நம் பள்ளி வாரியம் போல அதற்கும் ஓர் ஆளுநர் குழு. அக்குழுவின் பழைய குறிப்பேடுகளைப் பள்ளியின் ஆவணக் காப்பகம் இன்றும் பாதுகாக்கிறது.

1896இல் புதிய கட்டடத்துக்காக ஆளுநர்கள் ஒரு போட்டி நடத்தினார்கள். செலவு 14,000 பவுனுக்குள் அடங்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தத் தொகை போதாது என்று போட்டியிட்ட கட்டடக்கலைஞர்களே சொன்னார்கள். அப்படியானால் முழு வரைபடத்தையும் கொடுங்கள், 14,000க்கு எவ்வளவு கட்டலாம் என்று அதில் குறித்துக் காட்டுங்கள் என்றது குழு. அதனால்தான் கட்டடம் இரண்டு பாதியாக எழுந்தது. முதல் பாதி 1899இலும் மறுபாதி 1909இலும் முடிந்தன. இடையில் 1908இல், ஒப்புக்கொண்ட வரைபடத்தை மீறி ஒரு நுழைவாயிலுக்கு ஆடம்பரமாகச் செலவழிப்பதாகக் கட்டடக் குழு கட்டடக்கலைஞர்களைக் கண்டித்தது. இந்தப் பதிவுகளில் கேட்பது பணப்பையைக் கையில் வைத்திருப்பவர்களின் குரல். கலைப்பள்ளியாச்சே, அழகைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்!

சரி, போட்டியில் வென்றது யார்? அதிகாரபூர்வமாக, ஹனிமன் அண்ட் கெப்பி என்ற நிறுவனம். உண்மையில் வரைந்தவர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்த 28 வயது சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டோஷ். அதே கலைப்பள்ளியில் மாலை வகுப்பு படித்தவர். அவர் நிறுவனத்தின் பங்குதாரர் ஆனது 1901இல்தான். இன்று உலகமே அதை மெக்கின்டோஷ் கட்டடம் என்கிறது. ஆனால் போட்டி முடிவை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பெயர் கிடைக்காது.

தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கூட்டக் குறிப்பின் மொழி பெரும்பாலும் செயப்பாட்டு வினை: 'முடிவு செய்யப்பட்டது', 'ஒத்திவைக்கப்பட்டது'. யார் எதிர்த்தார், எவ்வளவு நேரம் வாக்குவாதம் நடந்தது என்பதெல்லாம் அந்த '-பட்டது'க்குள் மறைந்துவிடும். வரலாற்றுத் தேர்வில் இத்தகைய மூலம் வந்தால், என்ன முடிவு, எந்த நாள், எவ்வளவு பணம் ஆகியவற்றுக்கு அதை நம்பலாம். யாருடைய உழைப்பு, யாருடைய மனக்குறை என்று கேட்டால், கடிதம், வரைபடம், நாளிதழ் ஆகியவற்றோடு ஒப்பிட்டே விடை எழுத வேண்டும். 'அரசாங்க முத்திரை இருக்கிறது, ஆகவே நம்பகமானது' என்ற ஒற்றை வரிக்கு அதிக மதிப்பெண் எதிர்பார்க்காதீர்கள்.

2014 மே மாதத் தீயில் அக்கட்டடத்தின் புகழ்பெற்ற நூலகம் அழிந்தது. 2018 ஜூனில் மூண்ட இரண்டாவது தீ, கட்டடத்தையே கருகிய கூடாக்கிவிட்டது. காப்பகத்தின் காகிதங்களோ பெரும்பாலும் தப்பின. கல்லும் மரமும் போன பிறகு, எந்தப் பகுதி எப்போது, எந்தச் செலவில், யார் ஒப்புதலோடு எழுந்தது என்று சொல்ல அந்தக் காகிதங்கள்தான் இருக்கின்றன.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி: உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் பழைய கூட்டக் குறிப்பு ஒன்றை மாணவர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு '-பட்டது'க்கும் கீழே கோடிட்டு, "யாரால்?" என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். விடை கிடைக்காத இடங்களை எண்ணி, அந்த விடையை வேறு எங்கே தேடலாம் என்று குழுவாகக் கலந்து பேசட்டும்.