பறக்கும் படகு

புள்ளினம் போல வானிற் பறத்தல் வேண்டும் என்பது மாந்தரின் நெடுநாளைய வேட்கை. அது நிறைவேறிய பின்னரும் அவர் அவ்வளவில் அமைந்திலர். 1919-ஆம் ஆண்டில் இருவர் இடையில் இறங்காது வானூர்தியில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தனர். ‘நூறு பேரை ஒருங்கே ஏற்றிச் செல்லுதல் இயலாதோ?’ என எண்ணினார், இத்தாலிய நாட்டுப் பொறியறிஞர் ஜியான்னி காப்ரோனி.

அவ்வெண்ணத்தின் பயனாக எழுந்ததே பறக்கும் படகு. அதன் உடல் படகினை ஒத்தது. நீரில் மிதந்து, விரைந்தோடி, மேலெழ வல்லது. ஆதலின் அதற்குத் தரையில் நெடிய ஓடுபாதை வேண்டுவதில்லை. முன்னும் நடுவும் பின்னுமாக, மும்மூன்று அடுக்குகளாய் ஒன்பது சிறகுகள் அதற்கு இருந்தன. எட்டுப் பொறிகள் அதனை இயக்கின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 குதிரைத்திறன் உடையது.

1921-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4-ஆம் நாள், மாஜோரே ஏரியில் செம்பிரினி என்னும் வலவர் அதனைச் செலுத்தினார். பயணிகளின் எடைக்கு ஈடாக உள்ளே சுமை வைக்கப்பட்டிருந்தது. நீரைவிட்டு எழுந்த படகு, சிறிது பொழுதிற்குள் தலைகீழாய்ப் பாய்ந்து நீரில் மோதிச் சிதைந்தது. வலவர் உயிர் பிழைத்தார். உள்ளிருந்த சுமை இடம்பெயர்ந்தமையால் ஊர்தி நிலைகுலைந்தது என்பர். பின்னர் அப்படகு ஒருநாளும் பறந்திலது. அதுபோன்ற பிறிதொன்றும் கட்டப்பெறவில்லை.

எனினும் காப்ரோனியின் நோக்கம் பொய்த்திலது. 1939-ஆம் ஆண்டில், வேறு அமைப்புடைய பறக்கும் படகுகள் பயணிகளைச் சுமந்து அட்லாண்டிக்கைக் கடந்தன. பெரிதாக எண்ணுதல் வேண்டும். எண்ணியதனைச் சீர்தூக்கிச் செய்தலும் வேண்டும். இவ்விரண்டும் கூடியவிடத்தே வெற்றி உண்டாகும்.