தம்புராவை நிறுத்தும் இரண்டு வினாடி

சொந்தமாகப் பதிவு செய்த கச்சேரியை சிடியாக்கும்போது காலை வாரிவிடுவது பெரும்பாலும் சாஃப்ட்வேர் கேட்காமலே செய்யும் உதவிதான்.

ஹிந்துஸ்தானி கச்சேரியில் தம்புரா ஓய்வதில்லை. ஆலாப்பில் தொடங்கி, ஜோட், ஜாலா கடந்து, தபலா சேர்ந்து, கத் முடியும்வரை அந்த ஸ்ருதி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதே கச்சேரியை வீட்டு கம்ப்யூட்டரில் நான்கு துண்டாக வெட்டி சிடியில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே இரண்டு வினாடி மௌனம் விழலாம். ஸ்ருதி சட்டென்று அறுபட்டு, மறுபடி எங்கிருந்தோ முளைக்கும். வாசித்தவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. எழுதிய சாஃப்ட்வேர் செய்த வேலை அது.

பாட்டு கேட்பது மொபைலுக்குப் போய்விட்ட காலத்தில் சிடி யாருக்கு என்று கேட்கலாம். புதிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் சிடி டிரைவே இல்லை. யூஎஸ்பியில் செருகும் டிவிடி ரைட்டரைத் தனியாக வாங்க வேண்டும். இந்தியாவின் வீடுகளுக்கெல்லாம் வெற்று சிடி சப்ளை செய்த டெல்லி நிறுவனமான மோசர் பேயரே 2018ல் கலைப்புக்குப் போனது. என்றாலும் கச்சேரி முடிந்து வாசலில் விற்க, குருவின் கையில் கொடுக்க, பழைய பிளேயரைக் கைவிடாத மூத்த ரசிகர்களுக்கு அனுப்ப, வட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது. கம்பெனி தயவில்லாமல் சொந்தக் காசில் ஆல்பம் போடும் கலைஞருக்கு ஒரு நல்ல ரெக்கார்டரும் ஒரு லேப்டாப்பும் போதும். அதற்குமேல் எந்த சாஃப்ட்வேர் என்பதில்தான் தடுமாற்றம்.

விலையையும் திரையின் அழகையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வழக்கம். உண்மையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: இடைவெளியை முழுசாக நீக்க முடியுமா? ஒலியைச் சமன் செய்வதை நிறுத்தி வைக்க முடியுமா?

முதல் கேள்வியின் பின்னணி எளிது. ரைட்டர் இரண்டு விதமாக எழுதும். ஒவ்வொரு டிராக்காக எழுதி, லேசரை நிறுத்தி, மறுபடி தொடங்குவது ஒன்று. இதில் இடைவெளி தவிர்க்க முடியாதது. முழு வட்டையும் ஒரே மூச்சில் எழுதுவது மற்றது; 'டிஸ்க் அட் ஒன்ஸ்' என்று பெயர். பிலிப்ஸும் சோனியும் 1980ல் வகுத்த சிடி விதிப்படி முதல் டிராக்குக்கு முன்னால் மட்டும்தான் இரண்டு வினாடி கட்டாயம். மற்ற இடங்களில் பூஜ்யமாக இருக்கலாம். அதை நடுவில் நுழைப்பது சாஃப்ட்வேரின் பழக்கம்.

இரண்டாவது இன்னும் ஆபத்து, ஏனென்றால் அது உடனே தெரியாது. பல படங்களின் பாட்டுகளைத் தொகுப்பவருக்கு ஒலியைச் சமப்படுத்தும் வசதி ஒரு வரம். அடிக்கடி வால்யூமைத் திருக வேண்டாம். ஆனால் ஆலாப் மெதுவாகத்தான் இருக்க வேண்டும். அதை ஜாலாவின் உரப்புக்குத் தூக்கிவிட்டால் ராகம் வளர்ந்த கதையே காணாமல் போகும். அறையின் மின்விசிறிச் சத்தமும் கூடவே எழுந்து வரும்.

இந்த இரண்டு கேள்விகளையும் மனதில் வைத்தால் சந்தை தெளிவாகிவிடுகிறது. விண்டோஸின் பழைய மீடியா பிளேயரில் இரண்டுக்குமே தேர்வு உண்டு. அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்காதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆப்பிளின் மியூசிக் செயலியிலும் இடைவெளி வேண்டாம் என்று சொல்லலாம், 'சவுண்ட் செக்'கை எடுத்துவிடலாம். லினக்ஸ்காரர்களுக்கு கே3பி இலவசம், திறமையானது. ஜெர்மனியிலிருந்து வந்த நீரோ ஒரு காலத்தில் ரைட்டரோடு இலவச இணைப்பாகவே வந்துகொண்டிருந்தது. எரியும் ரோமில் பிடில் வாசித்ததாகக் கதை சொல்லப்படும் மன்னன் பெயரை சிடி 'எரிக்கும்' சாஃப்ட்வேருக்கு வைத்தவர்களின் குறும்பை மெச்சத்தான் வேண்டும். அதில் ஒவ்வொரு டிராக்கின் இடைவெளியையும் தனித்தனியாக மாற்றலாம். ஆனால் சும்மா ஒரு ஆல்பம் எழுத மட்டும் இன்று அதைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

சரியான வழி வேறு: வெட்டவே வெட்டாமல் குறி மட்டும் வைப்பது. முழுக் கச்சேரியும் ஒரே ஃபைலாக இருக்கட்டும். ஆலாப் இங்கே, ஜோட் இங்கே, கத் இங்கே என்று நேரத்தை மட்டும் எழுதிய 'க்யூ ஷீட்' என்ற சிறு குறிப்பு ஃபைலைச் சேர்த்துக் கொடுத்தால் இம்க்பர்ன் போன்ற இலவச சாஃப்ட்வேர் அப்படியே எழுதிவிடும். 2013க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை. சிடியின் விதிகளும் மாறவில்லை என்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஆடாசிட்டி இருக்கிறது. அது சிடி எழுதாது, வெட்டித் தரும். சிடியில் ஒரு வினாடி 75 கட்டங்களாகப் பிரிகிறது, ஒரு கட்டத்தில் 588 மாதிரிகள். கட்டத்தின் நடுவில் வெட்டினால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்ப வேண்டிவரும், அங்கே 'டக்' என்று கேட்கலாம். ஆடாசிட்டியில் தேர்வை இந்தக் கட்டங்களோடு ஒட்டவைக்கும் வசதி உண்டு. வெட்டுவதற்கு முன்பே பதிவை 44,100க்கு மாற்றிவிட வேண்டும். வீடியோவோடு எடுத்த பதிவு பெரும்பாலும் 48,000ல் இருக்கும். 24 பிட் பதிவானால் 16 பிட்டுக்கு இறக்குவது கடைசி வேலை. எம்பி3 பக்கம் போகவே கூடாது. அந்த வகை ஃபைலின் தலையிலும் வாலிலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த சாஃப்ட்வேராலும் ஸ்ருதியை ஒட்ட முடியாது.

நூற்றுக்கணக்கில் தொழிற்சாலையில் அச்சிடப் போகிறவர்களின் கதை தனி. அங்கே ஒரு தவறு நடந்தால் எல்லா வட்டிலும் அதே தவறு. போட்ட பணம் அட்டைப்பெட்டியில் தூங்கும். வீட்டில் எழுதிய வட்டை மூலமாகக் கொடுப்பதைவிட டி.டி.பி. என்ற ஃபைல் தொகுப்பாகக் கொடுப்பது பத்திரம். (தமிழில் எழுதினால் அச்சகத்து டி.டி.பி. மாதிரியே இருக்கும், இரண்டுக்கும் சம்பந்தமில்லை.) வழியில் ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்ணை அதோடு அனுப்பலாம். வேவ்லேப் போன்ற விலை உயர்ந்த சாஃப்ட்வேர்கள் இதைச் செய்கின்றன. தனிநபருக்கு 60 டாலரில் கிடைக்கும் ரீப்பரும் செய்கிறது. வின்ஆம்ப் பிளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் படைப்பு அது. பதிவு, திருத்தம், குறி வைப்பது, டி.டி.பி. எல்லாமே ஒரே இடத்தில் முடியும். பழகச் சில வாரம் பிடிக்கும். கச்சேரி பதிவை ஒருமுறையோடு நிறுத்தப் போவதில்லை என்பவர்களுக்கு இதுவே ஏற்றது.

ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. அடையாள எண் உண்டு. இந்தியாவில் அதை வழங்குவது இண்டியன் மியூசிக் இண்டஸ்ட்ரி என்ற இசை நிறுவனங்களின் அமைப்பு. இணையத்தில் வெளியிடும்போதும் அதே எண்தான் என்பதால் முதலிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. பிளேயரில் பெயர் ஓடச்செய்யும் 'சிடி டெக்ஸ்ட்' விஷயத்தில்தான் ஏமாற்றம். ரோமன் எழுத்து வரும், ஜப்பானிய எழுத்துக்குக்கூட இடம் உண்டு. தேவநாகரிக்கோ தமிழுக்கோ இல்லை. 'யமன் கல்யாண்' என்பதை ரோமனில்தான் அடிக்க வேண்டும்.

80 நிமிட வட்டில் 90 நிமிடக் கச்சேரி அடங்காது. இரண்டாகப் பிரிக்கும் இடத்தை சாஃப்ட்வேர் தீர்மானிக்காமல் வாசித்தவரே தீர்மானிக்க வேண்டும். ஜாலா முடிந்து தபலா தொடங்குவதற்கு முந்தைய மூச்சு பொருத்தமான இடம். எழுதிய முதல் வட்டை கம்ப்யூட்டரில் கேட்டுப் பயனில்லை. ஒரு பழைய பிளேயரில் போட்டு, ஒவ்வொரு டிராக் மாறும் நேரத்திலும் தம்புராவை மட்டும் கவனித்துக் கேட்டால் போதும். வெற்று சிடியின் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும் என்பதால் மூல ஃபைலை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்திருப்பது வழக்கமாக வேண்டும்.