பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுகிறீர்களா? கண்ணுக்கு எட்டும் தூரமே வேகத்துக்கு எல்லை!

மும்பையில் குளிரா என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேலி செய்வது உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. 1962-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி சாந்தாகுரூஸில் 7.4 டிகிரி பதிவானது. இந்த நகரம் கண்ட கடுங்குளிர் அதுதான். சாலையில் பனி உறைந்து வண்டி சறுக்கும் தொல்லை நமக்குக் கிடையாது.

ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை ஐந்தரை மணிக்குச் செம்பூர் நாகாவில் நின்று பாருங்கள். சில நாட்களில் எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும்; லாரியின் உருவம் அருகே வந்த பிறகே தெரியும். அந்த நேரத்தில்தான் நாம் மார்கழி வழிபாட்டுக்குச் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போகிறோம். காலை ஷிப்டுக்கு மாகுலுக்கும் டிராம்பேக்கும் ஸ்கூட்டரில் விரைகிறோம். பொங்கலுக்குக் குடும்பத்தோடு காரிலும் பஸ்ஸிலும் ஊருக்குப் புறப்படுகிறோம்.

மூட்டம் வருவது எப்படி?

குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதன் மேலே வெப்பமான காற்று மூடிபோல் கவிந்துகொள்கிறது. கடற்காற்றும் அப்போது பலமாக வீசுவதில்லை. ஆலைப் புகை, வண்டிப் புகை, கட்டிட வேலையின் தூசி எல்லாம் மேலே போக வழியின்றி நிற்கின்றன. சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் உள்ள செம்பூருக்கு இது புதிதல்ல. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூட்டம் கலையும்.

ஒரு விநாடியில் எவ்வளவு தூரம்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒரு விநாடி ஆகிவிடும். அதன் பிறகு, நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால்கூடக் கார் நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 37 மீட்டர். பாரம் ஏற்றிய லாரிக்கு இன்னும் அதிகம்.

மூட்டத்தில் 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 60-ல் போகிறவர் நிற்கவே முடியாது. 40-ல் போனால் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடலாம். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிய வேண்டும். மற்ற யோசனைகள் எல்லாம் இதற்கு அடுத்தவைதான்.

வடக்கே நடந்ததை மறக்க வேண்டாம். 2017 நவம்பர் 8-ந் தேதி யமுனா விரைவுச் சாலையில் மூட்டத்தில் ஒரு வண்டி மோதி நிற்க, பின்னால் வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதின. பின்னால் வந்தவர்கள் நிற்பதைப் பார்த்தபோது நிறுத்துவதற்குத் தூரம் மிச்சமில்லை.

விளக்கை எப்படி எரிப்பது?

சரியாகத் தெரியவில்லை என்று பலர் பிரைட் லைட்டைப் போடுகிறார்கள். அந்த வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி ஓட்டுகிறவர் கண்ணையே கூச வைக்கும். டிம் லைட்தான் சரி. பனி விளக்கு இருந்தால் அதையும் போடலாம். நாம் பார்ப்பது மட்டும் போதாது, நம்மைப் பிறர் பார்க்கவும் வேண்டும். ஆகவே புறப்படும் முன் பின் விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

கண்ணாடியின் உட்புறம் மூச்சுக் காற்றால் மங்கும். ஏ.சி. காற்றை முன்கண்ணாடி மேல் திருப்புங்கள். அந்த வசதி இல்லாதவர்கள் ஜன்னலைச் சற்றே இறக்கினால் போதும். முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கை ஒட்டிப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அவர் தவறினால் நீங்களும் தவறுவீர்கள். சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் பெட்ரோல் பங்கிலோ தாபாவிலோ ஒதுங்குங்கள். சாலையில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

டயரையும் கவனியுங்கள். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் டயரில் காற்று சுமார் 2 பவுண்டு குறையும்.

மலைப்பாதையில்

ஊருக்குக் காரில் போகிறவர்களுக்கு முதல் சோதனை கண்டாலா மலைப்பாதை. கடைசிச் சோதனைகளில் ஒன்று தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்போது என்ஜினின் பிடி போய்விடுகிறது. முழுச்சுமையும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குங்கள். வளைவில் முந்த வேண்டாம்.

நேரத்தையும் பார்த்துப் புறப்படுங்கள். செம்பூரிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வாஷி பாலம் தாண்டிக் கோபோலி சேரும்போது வெயில் ஏறியிருக்கும். நள்ளிரவில் கிளம்பினால் தூக்கமும் மூட்டமும் சேர்ந்து வரும்.

இரு சக்கர வண்டிக்காரர்களுக்கு

விடியற்காலைப் பனி ஈரமும் சாலையில் சிந்திய எண்ணெயும் சேர்ந்தால் சக்கரம் வழுக்கும். டாங்கர் லாரிகள் போகும் வழியில் திடீர்ப் பிரேக் வேண்டாம். குளிருக்குக் கறுப்பு மப்ளரும் கறுப்புக் கோட்டும் போடுகிறவர்கள் வெளிர்நிறச் சட்டை அணிவது நல்லது. ஹெல்மெட்டின் மீது மப்ளர் கட்டாதீர்கள். நடந்து கோயிலுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு டார்ச் எடுத்துச் செல்லுங்கள்.

பஸ்ஸிலோ டாக்ஸியிலோ பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. டிரைவர் மூட்டத்தில் விரட்டினால், "அண்ணே, மெதுவா போங்க, அவசரமில்லை" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். விபத்து நடந்துவிட்டால் 112 என்ற எண்ணை அழையுங்கள்.

சம்பாதிக்க வந்த ஊரில் குடும்பத்துக்கு ஆதாரம் பெரும்பாலும் ஒருவரின் சம்பளம்தான். அவர் ஒருநாள் ஷிப்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் அரை நாள் கூலி போகலாம். அது அடுத்த மாதம் சரியாகிவிடும். பொங்கல் பானை பொங்கும்போது ஊர் போய்ச் சேராவிட்டாலும் மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குச் சேர்ந்துவிடலாம். மெதுவாகப் போங்கள்.