நெல் வயலின் மீது ஒரு வழக்கு

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டைப் பக்கம் செல்வோர் இரண்டு விதமான நிலங்களைக் காணலாம். ஏரிக்குக் கீழே நன்செய். அங்கே நெற்பயிர் தண்ணீரில் நிற்கும். மேட்டில் மானாவாரிப் புன்செய். அங்கே வேர்க்கடலையும் கேழ்வரகும். தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இந்த எல்லைப் பிரதேசத்தில் வரப்பில் நிற்கும் குடியானவரிடம், "உமது நெல் உலகத்தைச் சூடாக்குகிறது" என்று சொன்னால், அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் விஷயம் முற்றிலும் பொய்யன்று.

தேங்கிய நீர், மண்ணுக்குள் பிராணவாயு புகாமல் தடுத்துவிடுகிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் வேரையும் தழையையும் கொண்டு மீத்தேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெல்லின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது, பயிரே புகைபோக்கி! நூறு வருஷக் கணக்கில், ஒரு டன் மீத்தேன் சுமார் 28 டன் கரியமில வாயுவுக்குச் சமமாகச் சூட்டைப் பிடித்து வைக்கும்.

எனவே வழக்கு உண்டு. சாட்சியம் எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. 1990-ஐ ஒட்டி, அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேனை வெளியிடுவதாக மதிப்பிட்டது. நம் வயலில் அளந்து கண்டதா? இல்லை, மேல்நாட்டு வயல்களில் அளந்ததை நம் நிலப் பரப்புக்குப் பெருக்கிப் போட்ட கணக்கு. டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த விஞ்ஞானி ஏ. பி. மித்ரா இதை ஏற்கவில்லை. 1991-இல் அவர் தலைமையில் பல மாகாணங்களின் வயல்களில் பெட்டிகளைக் கவிழ்த்து, உள்ளே சேர்ந்த காற்றை எடுத்துச் சோதித்தார்கள். கிடைத்த தொகை சுமார் 40 லட்சம் டன். சொன்னதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு! நம் வயல்களில் பல வானம் பார்த்தவை, நடுநடுவே காய்பவை. மண்ணில் மட்கும் பொருளும் குறைவு.

இதைக் கேட்டு மார்தட்டுவதற்கில்லை. ஒரு மூட்டை அரிசியையும் ஒரு மூட்டை கோதுமையையும் ஒப்பிட்டால், அரிசியின் பங்கே அதிகம். கோதுமைக்குத் தேங்கிய நீர் வேண்டாம். ஆயினும் பஞ்சாபின் கோதுமையும் நிரபராதியன்று. அளவுக்கு மீறிய யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு எழுகிறது. அது கரியமில வாயுவைப்போல் 270 மடங்குக்குக் குறையாத வலிமை உடையது. அங்கே கோதுமை விதைக்கும் அவசரத்தில் நெல் தாளைக் கொளுத்தும் புகையை எந்தத் தானியத்தின் கணக்கில் எழுதுவது? நம் மேட்டுக் கேழ்வரகோ தேங்கிய நீரும் கேட்பதில்லை, மிகுந்த உரமும் கேட்பதில்லை. அதை நம் சமையலறைகள் மறந்தது வேறு கதை.

நெல்லுக்குப் பரிகாரமும் உண்டு. அதற்குத் தமிழில் அழகான பெயரே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலை மயிரிழையாக வெடிக்கும் வரை காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சினால், மண்ணில் காற்றுப் புகுந்து மீத்தேன் பாதி வரைகூடக் குறையும். நைட்ரஸ் ஆக்ஸைடு சிறிது கூடலாம். ஆனாலும் மொத்தத்தில் லாபமே. தண்ணீரும் மிச்சம். களை மட்டும் அதிகம் முளைக்கும். அதைப் பறிக்கும் கூலி குடியானவர் தலையில்.

சொந்தக் கிணறு உடையவர் இதை நாளைக்கே செய்து பார்க்கலாம். ஏரிப் பாசனக்காரர் நிலை அப்படியன்று. மதகு திறக்கும் நாளில் நீரை வயலில் கட்டிக்கொள்ளாதவர், அடுத்த முறை வரும் வரையில் காத்திருக்க வேண்டும்; அதற்குள் ஏரி வற்றிவிட்டால் அவருக்கு யார் பதில் சொல்வது?