பெறுதலும் விடுத்தலும்

கணினியோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் தனி இயல்பு உண்டு. வலையமைப்பு அட்டை, தொடுதிரை, வெப்ப உணரி ஆகிய ஒவ்வொன்றும் தனக்குரிய முறையிலேயே கட்டளைகளை ஏற்கின்றது. இயக்க அமைப்பின் கருவகம் இவற்றின் இயல்புகள் அனைத்தையும் தானே அறிந்திருப்பதில்லை. கருவகத்திற்கும் கருவிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் நிரலே சாதன இயக்கி எனப்படுகிறது. ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் கருவகத்தின் மூலநிரலில் பெரும்பகுதி இத்தகைய இயக்கிகளே ஆகும். ஆதலால், இயக்கி எழுதும் முறையில் உள்ள ஒரு சிறு குறையும் ஓரிடத்தோடு நிற்பதில்லை; எண்ணற்ற இயக்கிகளில் மீண்டும் மீண்டும் முளைக்கிறது. அத்தகைய குறை ஒன்று நெடுங்காலம் நீடித்தது.

இயக்கி தன் பணியைத் தொடங்குமுன் கருவகத்திடம் சில வளங்களைக் கேட்டுப் பெற வேண்டும். தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பியும் பெற்றும் வரும் தொடர்முனையம் ஒன்றின் இயக்கியை எடுத்துக்கொள்வோம். தன் கணக்குகளை வைத்துக்கொள்ள அதற்கு முதலில் சிறிது நினைவகம் தேவை. அடுத்து, முனையத்தின் பதிவகங்களை எட்டுவதற்கான முகவரி இணைப்பு வேண்டும். பின்னர், முனையத்திற்குத் துடிப்பளிக்கும் கடிகாரச் சைகையை இயக்க வேண்டும். அதன்பின், தரவு வந்திருப்பதை அறிவிக்கும் குறுக்கீட்டுத் தடத்தைப் பெற வேண்டும். இறுதியாக, பயனர் நிரல்கள் அணுகுமாறு முனையத்தைக் கருவகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இவை ஐந்தும் கிடைத்துவிட்டால் சிக்கல் இல்லை. ஐந்தாவது படி தோற்றுவிட்டால், முன்னர்ப் பெற்ற நான்கையும் திருப்பித் தந்தாக வேண்டும். அதுவும் பெற்ற வரிசைக்குத் தலைகீழாகத் தர வேண்டும். கட்டடத்திற்குச் சாரம் கட்டுவோர் கீழிருந்து கட்டி மேலிருந்து பிரிப்பதைப் போன்றது இது. கருவகம் எழுதப்பட்டுள்ள சி மொழியில் இப்பொறுப்பு முழுவதும் நிரலரையே சாரும். எனவே அவர் செயற்கூற்றின் இறுதியில் ஏணிப்படிகளைப் போலச் சில பெயர்ச்சிட்டைகளை அமைத்து, எந்தப் படியில் தோல்வி நேர்ந்ததோ அதற்குரிய சிட்டைக்கு 'கோ டூ' கூற்றின் வழியாகத் தாவுவார். இக்கூற்றின் தீங்கைக் குறித்து டைக்ஸ்ட்ரா 1968ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தார். ஆயினும், கருவக நிரலர்கள் இந்த ஓரிடத்தில் அதனைத் துணிந்து பயன்படுத்தினர். அடுக்கடுக்கான நிபந்தனைக் கூற்றுகளைவிட இது தெளிவாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

தெளிவாக இருந்தும் பிழைகள் குறையவில்லை. விடுத்தலுக்கான வரிகள் இரண்டு இடங்களில் எழுதப்பட வேண்டியிருந்தமை அதற்கு ஒரு காரணம். கருவியோடு இணையும் செயற்கூற்றின் தோல்விப் பாதையில் ஒருமுறையும், கருவியை விட்டுப் பிரியும் செயற்கூற்றில் மற்றொரு முறையும் அவை இடம்பெற்றன. பின்னாளில் வேறொருவர் வந்து இடையில் ஒரு புதிய வளத்தைச் சேர்த்தால், இரண்டு இடங்களையும் நினைவில் கொண்டு திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் நிரல்பெயர்ப்பி குறை கூறாது. கருவியும் வழக்கம்போல் இயங்கும். மற்றொரு காரணம் இன்னும் ஆழமானது. தோல்விப் பாதை மிக அரிதாகவே இயக்கப்பட்டது. ஆள் நடவாத பாதையில் முள் மண்டுவதைப் போல, எவரும் சோதித்துப் பாராத அவ்வரிகளில் பிழைகள் தங்கின.

அவ்வரிகள் அரிதாகவே இயங்கும் என்னும் நிலையும் பின்னர் மாறியது. 2012ஆம் ஆண்டில் லினக்ஸில் ஒத்திவைப்பு முறை ஒன்று சேர்க்கப்பட்டது. தனக்குக் கடிகாரமோ மின்னோட்டமோ வழங்கும் மற்றோர் இயக்கி இன்னும் ஆயத்தமாகவில்லை எனில், ஓர் இயக்கி இதுவரை பெற்றவற்றைத் திருப்பித் தந்துவிட்டு, 'பிறகு மீண்டும் அழைக்க' எனக் கூறி விலகலாம். இதனால், கைப்பேசிகளிலும் சிறு கணினிப் பலகைகளிலும், தொடங்கும் வேளையிலேயே தோல்விப் பாதை பலமுறை இயங்க நேர்கிறது. அப்பாதையில் திருப்பித் தர மறந்த நினைவகம் கசிந்து வீணாகும். விடுத்த நினைவகத்தையே மீண்டும் தொட்டுவிட்டால் விளைவு இன்னும் கொடியது. கருவகமே நிலைகுலையலாம், அல்லது அயலார் நுழைவதற்கு அது வாயிலாக அமையலாம்.

இதற்கொரு தீர்வாக, டெஜுன் ஹியோ என்னும் நிரலர் உருவாக்கிய வளமேலாண்மை முறை 2007ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் 2.6.21 பதிப்பில் இடம்பெற்றது. வட்டுக்கருவிகளுக்கான இயக்கிகளைச் சீரமைக்கும் பணியின்போது எழுந்த எண்ணம் இது. இதன் அடிப்படை மிக எளியது. ஒவ்வொரு கருவிக்கும் கருவகம் ஒரு பட்டியலை வைத்திருக்கும். இயக்கி ஒரு வளத்தைப் பெறும்போதே, அதனை எவ்வாறு விடுப்பது என்னும் குறிப்பும் அப்பட்டியலில் ஏறிவிடும். இணைதல் தோற்றாலும் சரி, கருவி பின்னர்ப் பிரிக்கப்பட்டாலும் சரி, கருவகம் பட்டியலைக் கடைசியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விடுத்துக்கொண்டே வரும். நிரலர் செய்ய வேண்டுவதெல்லாம், பழைய செயற்கூறுகளுக்கு மாற்றாக 'டெவ்எம்' என்னும் முன்னொட்டுடைய செயற்கூறுகளை அழைப்பதே. தோல்வி நேர்ந்தால் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டு அவர் வெளியேறலாம். சிட்டைகள் மறைந்தன; பல இயக்கிகளில் பிரியும் செயற்கூறே தேவையற்றுப் போயிற்று. ஒவ்வொரு குறிப்பிற்கும் சில பைட்டுகள் கூடுதலாகச் செலவாகும். கிடைக்கும் பயனை நோக்க அது பொருட்டன்று.

எனினும், பாதி பழையதும் பாதி புதியதுமாக எழுதப்படும் இயக்கியில் ஓர் இடர் பதுங்கியுள்ளது. தொடர்முனைய இயக்கி, குறுக்கீட்டுத் தடத்தைப் புதிய முறையில் பெற்று, கடிகாரத்தை மட்டும் பழைய முறையில் தானே நிறுத்துவதாகக் கொள்வோம். பிரியும்போது முதலில் இயங்குவது இயக்கியின் சொந்தச் செயற்கூறு. கருவகப் பட்டியல் அதன் பின்னரே அவிழும். ஆகவே கடிகாரம் நின்ற பிறகும் குறுக்கீட்டுத் தடம் சிறிது நேரம் உயிரோடிருக்கும். அந்த இடைவெளியில் ஒரு குறுக்கீடு வந்தால், துடிப்பற்ற முனையத்தின் பதிவகத்தை இயக்கி படிக்க முற்படும். சில சில்லுகளில் இதனால் முழு அமைப்பும் உறைந்துவிடும். தனக்கெனச் சிறப்புச் செயற்கூறு இல்லாத எந்த வளத்தையும் பட்டியலில் ஏற்றுவதற்கான பொதுவழி ஒன்று பின்னர் அமைக்கப்பட்டது. கடிகாரத்தை நிறுத்தும் செயலையும் அவ்வழியே ஏற்றிவிட்டால் தலைகீழ் வரிசை பிறழாது.

இரண்டாவது இடர் வாழ்நாளைப் பற்றியது. பட்டியலில் உள்ள வளம், இயக்கி கருவியோடு இணைந்திருக்கும் வரைதான் வாழும். யூஎஸ்பி கருவி ஒன்றைப் பயனர் பிடுங்கிவிடும் வேளையில், ஒரு நிரல் அக்கருவிக்குரிய கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கலாம். கருவகம் பட்டியல்படி நினைவகத்தை விடுத்துவிடும். அந்த நிரலோ பின்னர்க் கோப்பை மூடும்போது, இல்லாத நினைவகத்தை இயக்கி தொட நேரும். இத்தகைய நினைவகத்தைக் கருவியின் பட்டியலில் சேர்ப்பது தவறு. அதனைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, கடைசிப் பயனாளர் விலகிய பின்னரே விடுக்க வேண்டும்.

ஒரு செயற்கூற்றுக்குள்ளேயே பெற்று அதற்குள்ளேயே விடுக்க வேண்டிய பூட்டுகளுக்கும் தற்காலிக நினைவகத்திற்கும் கருவியின் பட்டியல் பொருந்தாது. அவற்றுக்காக, நிரல்பெயர்ப்பி தரும் வசதி ஒன்றைக் கொண்டு அமைந்த தானியங்கு விடுப்புமுறை 2023ஆம் ஆண்டின் லினக்ஸ் 6.5 பதிப்பில் சேர்க்கப்பட்டது. மாறி தன் வரம்பெல்லையைக் கடந்தவுடன் அதற்குரிய விடுத்தல் தானாகவே நிகழும். பழைய இயக்கிகள் இவ்விரு முறைகளுக்கும் சிறிது சிறிதாக மாற்றி எழுதப்பட்டு வருகின்றன. அவ்வாறு மாற்றுவோர், சிட்டைகளை நீக்குமுன் ஒவ்வொரு வளமும் எதனோடு பிறந்து எதனோடு முடிகிறது என்பதைத் தனித்தனியே ஆராய வேண்டியுள்ளது.